தொரை போட்ட சிவப்புக் கோடு

வட்டகொடைக்கு மேலே, தேயிலை ஆராய்ச்சிக்கென்று போட்டிருந்த தகரக் கொட்டகைக்குள் ஒரு காந்தம் இருந்தது. எட்டு ஆள் கனம். 1961ஆம் ஆண்டு அதைக் கவனித்துக்கொள்ளும் உத்தியோகம் அழகுமுத்துவுக்கு வாய்த்தது. கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து கொழும்புக்குப் போய் பௌதிகம் படித்துத் திரும்பியவன் அந்தத் தோட்டத்தில் அவன் ஒருவன்தான் என்பதால் போட்டிக்கு ஆளில்லை.

காந்தம் வந்த காரணம் எளிது. கொழுந்தை வாட்டி எடுக்கும்போது அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று தெரியவேண்டும். அதுவரை டீமேக்கர் ஒரு பிடி அள்ளி நசுக்கிப் பார்த்து, "போதும்" என்பார், அல்லது "போதாது" என்பார். விஞ்ஞானத்தில் இந்த இரண்டு எண்களும் இல்லை என்பது தோட்டத்தை ஆளும் ஹென்ஷா தொரையின் கட்சி.

தண்ணீருக்குள் இருக்கும் ஹைட்ரஜன் கருக்கள் ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் பம்பரம், குட்டிக் காந்தமும்கூட. பெரிய காந்தத்துக்கு நடுவே இலையை வைத்து ரேடியோ அலையால் ஓர் அடி அடித்தால் எல்லாப் பம்பரமும் ஒரே தாளத்தில் சுழல ஆரம்பிக்கும். ஆனால் காந்தத்தின் பலம் இடத்துக்கு இடம் மாறும். ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், தாளம் குலையும். சற்றுப் பொறுத்து இரண்டாவது அடி அடித்தால் முந்தியது பின்னாலும் பிந்தியது முன்னாலும் ஆகிவிடும். பொறுத்த அதே நேரம் இன்னொரு தரம் கழிந்ததும் எல்லாம் மறுபடி ஒன்றுசேர, திரையில் ஒரு மேடு எழும்பும். அதற்கு எதிரொலி என்று பெயர். மேட்டின் உயரம்தான் தண்ணீரின் கணக்கு.

நான்கு மாதமாக மேடு எழும்பவில்லை. குழாய்த் தண்ணீரை வைத்தால் எழும்பியது. இலையை வைத்தால் திரை தட்டையாய்ப் படுத்துக் கிடந்தது.

சனிக்கிழமை கொழும்பிலிருந்து, காந்தத்துக்குப் பணம் கொடுக்கும் இரண்டு கனவான்கள் வருகிறார்கள் என்று தொரை அறிவித்தார். அன்றைக்கும் மேடு இல்லையென்றால் காந்தம் பெட்டியில் ஏறும். அதோடு அழகுமுத்துவின் உத்தியோகமும் ஏறும், ஆனால் பெட்டி தேவைப்படாது.

அழகுமுத்து கம்பிகளை மாற்றினான். காந்தத்தைத் துடைத்தான். கொட்டகலைக் கொழுந்தை வரவழைத்து வைத்துப் பார்த்தான். அவன் தொடாதது ஒன்றே ஒன்று. இரண்டு அடிக்கும் இடையே எவ்வளவு பொறுக்கவேண்டும் என்று சொல்லும் குமிழ். அதில் 'இருபது' என்ற இடத்தில், அதாவது இருபது மில்லி செக்கனில், தொரை தம் கையாலேயே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். தோட்டத்தில் தொரை கோடு போட்டால் அந்தக் கோட்டில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுவார்கள். கோடு சரியா என்று பார்க்க இதுவரை யாரும் குனிந்ததில்லை.

வெள்ளிக்கிழமை தொரை வேறொரு வேலை வைத்தார். கனவான்களுக்கு விஞ்ஞானம் வராது. அவர்களுக்கு விளங்கும்படி ஏதாவது காட்டவேண்டும். அழகுமுத்துவுக்குக் கொழுந்தெடுக்கும் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களை வேலை வாங்கும் கந்தப்பன் கங்காணியிடம் போய் நாற்பது பேரைக் கேட்டான்.

"என்னத்துக்கு தம்பி?"

"பம்பரமா நடக்கணுங்க."

கங்காணி அதற்கு மேல் கேட்கவில்லை. ஆராய்ச்சிக் கொட்டகை விஷயத்தில் கேள்வி கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம் அவருக்கு உண்டு.

நாற்பது பேரும் ஒத்திகைக்கு மலையடியில் ஒரே வரிசையில் நின்றார்கள். அழகுமுத்து விளக்கினான்: முதல் விசிலுக்கு அவரவர் தேயிலை நிரையில், அவரவர் வேகத்தில் மேலே நடக்கவேண்டும். இரண்டாவது விசிலுக்கு நின்ற இடத்திலேயே திரும்பி, அதே வேகத்தில் இறங்கவேண்டும். வேகமாய்ப் போனவளுக்குத் தூரம் அதிகம், மெதுவாய்ப் போனவளுக்குக் குறைவு. எல்லோரும் ஒரே நேரத்தில் வரிசைக்கு வந்து சேருவார்கள். மில்லி செக்கனுக்கு ஒரு நிமிடம் என்று அளந்து, தொரையின் கோட்டுப்படி இருபது நிமிடம் கழித்து இரண்டாவது விசில் ஊதினான்.

நாற்பதாவது நிமிடத்தில் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். சரியாக ஒரே நேரத்தில்தான் சேர்ந்தார்கள், அதில் குறையில்லை.

மற்றவர்களைக் கங்காணி தேடிப் பிடித்தார். ஆறு பேர், கைக்குழந்தைகளை விட்டுவரும் பிள்ளைக்காம்பராவில் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பேர் விறகு பொறுக்கினார்கள். மிச்சப்பேர் அடுத்த மலையில் கொழுந்தெடுக்கும் கும்பலோடு பேச்சில் நின்றார்கள்.

"விசில் கேக்கலையா?" என்றான் அழகுமுத்து.

"கேட்டுச்சு," என்றாள் வேலாயி. நாற்பது பேரில் வாய் அவளுக்குத்தான் அதிகம். "ஊதுனா திரும்பத்தான் வைக்கலாம். போனவள கொண்டாந்துருமா ஒங்க விசிலு? இருவது நிமிசம் கூடையுமில்லாம சும்மா நடன்னா, மனுசிக்கு வேற சோலி ஞாபகம் வராதா?"

"அப்ப எத்தன நிமிசம்னா வருவீங்க?"

"ரெண்டு நிமிசத்துல ஊதுங்க. எவளுக்கும் ஒண்ணும் தோணாது. படிச்ச புள்ளைக்கி இதெல்லாம் நாங்க சொல்லணும்."

இரண்டு நிமிடத்தில் ஊதினான். நான்காவது நிமிடத்தில் முப்பத்தெட்டுப் பேர் ஒரே அடியாய் வரிசையில் கால் வைத்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் தம் பெரட்டில்கூட கங்காணி அப்படி ஒரு வரிசையைக் கண்டதில்லை. "மறுக்கா ஒருவாட்டி ஊதுங்க தம்பி," என்றார், வேலையை மறந்து.

அழகுமுத்து ஊதவில்லை. குழாய்த் தண்ணீர் சோலியில்லாத தண்ணீர், எவ்வளவு பொறுத்தாலும் திரும்பி வரும். வாடிய இலைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் தண்ணீருக்கு அக்கம்பக்கம் அதிகம். பக்கத்துக் கரு தட்டும், தாளம் போகும், போனது போனதுதான். எந்த அடியும் அதைக் கூட்டிவராது. தொரை கோடு போட்டது குழாய்த் தண்ணீரை வைத்து. அவன் கொட்டகைக்கு நடந்தான். ஓடினால் தொரை பங்களாவிலிருந்து தெரியும்.

குமிழை இருபதிலிருந்து இரண்டுக்குத் திருப்ப அவனுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. திருப்பிய நேரம் ஒரு செக்கன். மற்றதெல்லாம் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம். திரையில் மேடு எழும்பியது.

சனிக்கிழமை பெண்கள் நடக்கத் தேவை வரவில்லை; கனவான்கள் மேட்டைப் பார்த்தே தலையாட்டினார்கள். தொரை குமிழைப் பார்த்தார்.

"இது யாரு தொட்டது?"

இந்தக் கேள்விக்குத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாய் ஒரே பதில்தான்: தெரியலீங்க தொரை. அழகுமுத்துவின் வாயில் அது பாதி வந்துவிட்டது. ஆனால் இரண்டு வைத்ததற்குக் காரணம் தெரியாதவனிடம் யாரும் காந்தத்தை விட்டுவைக்க மாட்டார்கள்.

"நாந்தாங்க. எலைத் தண்ணி இருவது தாங்காதுங்க. அதுக்குள்ள கலைஞ்சு போயிருதுங்க."

தொரை குமிழை இருபதுக்குத் திருப்பினார், மேடு போயிற்று. இரண்டுக்குத் திருப்பினார், வந்தது. மூன்று தரம் இப்படிச் செய்தார். பிறகு கனவான்கள் பக்கம் திரும்பி, இலைக்குள் இருக்கும் நீருக்கு அவகாசம் கொடுக்கக்கூடாது என்பதே 'நாங்கள்' இங்கே கண்டறிந்த உண்மை என்று இங்கிலீஷில் விளக்கினார். அந்த 'நாங்கள்' எத்தனை பேர் என்று அழகுமுத்து எண்ணிப் பார்த்தான். வேலாயி அதில் வரமாட்டாள்.

"இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆயிற்று?" என்று ஒரு கனவான் கேட்டார். தொரை அழகுமுத்துவைப் பார்த்தார்.

நான்கு நிமிடம் என்பது உண்மை.

"நாலு மாசமுங்க."

கனவானுக்கு அது ஆராய்ச்சிக்குத் தகுந்த காலமாகப் பட்டது. எழுதிக்கொண்டார். இன்னும் இரண்டு வருடம் இயந்திரமும் பையனும் இங்கேயே இருக்கட்டும் என்றார். பெட்டி அடிக்கப் பலகையோடு வாசலில் காத்திருந்த ஆசாரியை, அரை நாள் சம்பளத்துக்குப் பேர் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.