மணமகள் கேட்ட அவை

குணகடலின் உப்புக்காற்று பவளக்கல்லால் எழுப்பிய பழஞ்சுவர்களைத் தடவி மேலேறி, மணல்மேடுகளின்பின் சாயும் செங்கதிரோனின் வெம்மையைத் தணித்துக்கொண்டிருந்த பிற்பகலில், மொகதிசு நகரம் வழக்கமான ஆரவாரம் ஒடுங்கிக் கிடந்தது. வாள்மீனைத் தோளில் சுமந்து அங்காடிக்கு ஓடும் மீனவர் ஒருவரையும் காணோம். தெருமுனைதோறும் மணல்மூட்டைகள் அடுக்கி, இருசாரார் படைஞரும் ஒருவர் கண்ணை ஒருவர் நோக்காது எதிரெதிரே நின்றிருந்தனர்.

ஆட்சிக்காலம் முடிந்தும் அரியணை விட்டிறங்க மனமில்லாத நாட்டுத் தலைவர் கூலேத் ஒருபுறம். அவரால் நீக்கப்பட்டும் நீங்க மறுத்த முதன்மை அமைச்சர் அவாலே மறுபுறம். முன்னவர் வடகரை மேய்ச்சல் குலத்தவர். பின்னவர் ஆற்றோரக் குலத்தவர். நாட்டின் பெயரால் உறுதிமொழி எடுத்த படை, பூசல் மூண்ட அன்றே தத்தம் பாட்டன் பெயரை நினைவுகூர்ந்து இரண்டாகப் பிளந்தது.

அவாலேயின் தங்கை அம்பரோ கூலேத்தின் மனைவி. முன்னொரு பழிப்போரின் முடிவில், சிந்திய குருதிக்கு ஈடாக ஆற்றோரக் குலம் கொடுத்த பெண் அவள். அன்று மாலை அண்ணன் தொலைபேசியில் அழைத்தார்.

"அம்பரோ, வண்டி அனுப்புறேன். பொழுது சாயறதுக்குள்ள அந்த வீட்டை விட்டு வந்துடு."

"என் புள்ள லிபான் வாசல்ல துப்பாக்கியோட நிக்கிறான். வண்டில அவனுக்கும் இடம் இருக்காண்ணே?"

"அவன் அப்பன் பக்கம். கூப்பிட்டாலும் வரமாட்டான்."

"அப்ப நானும் வரலை."

அருகில் நின்ற கூலேத் ஏளனமாய்ச் சிரித்தார். "என்னவாம் உங்க அண்ணனுக்கு? நடுங்குறானா?"

"ரெண்டு பேரும்தான் நடுங்குறீங்க. அதான் புள்ளைங்கள முன்னால நிறுத்தியிருக்கீங்க."

கதிர் மறைந்ததும் முதற்குண்டு வெடித்தது. யார் சுட்டாரென்று இன்றுவரை இருசாராரும் ஒருவரையொருவர் சுட்டுகின்றனர். விடியுமுன் வீழ்ந்தோருள் லிபானும் ஒருவன். அவன் மார்பில் பாய்ந்த குண்டு தாய்மாமன் படையினது. வாயிலை விட்டு நகராதே என்ற ஆணை தந்தையினது. எவரைப் பழித்து அழுவதென்று அறியாத அம்பரோ, இருவரையும் பழித்து, ஓசையின்றி அழுதாள்.

ஒரு கிழமை கழிவதற்குள் அயல்நாட்டுத் தூதுவர் வற்புறுத்த, குலமூத்தோர் இடித்துரைக்க, தலைவர் இருவரும் இணங்கினர். நிதி ஒருவருக்கு, துறைமுகம் ஒருவருக்கு, உளவு ஒருவருக்கு, காவல் ஒருவருக்கு எனக் கொழுத்த ஊனைக் கூறிடுவதுபோல் அமைச்சுகளைப் பகிர்ந்தபின், அவாலேயின் மனையில் உடன்பாட்டு விருந்து வைத்தனர். ஒட்டக இறைச்சியும் சோறும் வாழைப்பழமும் பரப்பிய அவையில், மூத்தோர் தலைவர் ஹிர்சி எழுந்து, உறவு முறியாதிருக்க அவாலேயின் மகள் ஹிபோவைக் கூலேத்தின் தம்பிக்கு மணமுடிப்பதென்று அறிவித்தார்.

பெண்டிர் கூடத்தில் அம்பரோ அண்ணன் மகளை நோக்கினாள். இளம் அகவையள்; கையிலிருந்த குவளையில் தேநீர் நிறைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குச் சம்மதமாடி?"

"என்னை யாரு கேட்டாங்க அத்தை?"

"நான் கேக்கறேன்."

"எனக்கு வேண்டாம்." குவளையைக் கீழே வைத்தாள்.

அவளைக் கைப்பிடித்து, திரையை விலக்கி, ஆடவர் அவையின் நடுவே சென்று நின்றாள் அம்பரோ. உண்டுகொண்டிருந்த கைகள் நின்றன.

"ஹிர்சி ஐயா, பொண்ணு வாயால கேட்டுக்குங்க. வேண்டாங்கறா. மார்க்கத்துல அவ சொல்லு இல்லாம நிக்காஹ் உண்டா?"

முதியவர் தாடியைத் தடவினார். "இது நாட்டுச் சமாதானம், மகளே."

"என்னைக் குடுத்தும் ஒரு சமாதானம் வாங்கினீங்களே. அதைத்தான போன வாரம் புதைச்சோம்! பதவியைப் பங்கு போட உங்களுக்கு நல்லாவே தெரியுது. நடுவுல பொண்ணு எதுக்கு?"

அவாலே துள்ளி எழுந்தார். "உள்ள போ! சபையில என் மானத்தை வாங்காதே!"

கூலேத் தட்டை விலக்கி இகழ்ச்சியோடு கூறினார்: "விடு மச்சான். உன் தங்கச்சி எனக்கும் அடங்கல, உனக்கும் அடங்கல."

"அடக்க வேண்டிய துப்பாக்கிங்கள விட்டுட்டு என்னை ஏன் பாக்குறீங்க?" என்றவள், ஹிர்சியிடம் மீண்டும் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க ஐயா. அவ சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?"

முதியவர் தலைகவிழ்ந்து, "விழுந்துச்சு. அவ சம்மதமில்லாம நான் நிக்காஹ் ஓதமாட்டேன்," என்றார்.

அம்பரோ ஹிபோவோடு வாயில் கடந்தாள். இருகுலக் காவலரும் தத்தம் தலைவரைத் திரும்பி நோக்கினர். எவரிடமிருந்தும் ஆணை வரவில்லை. மகனை இழந்த தாயைத் தொட எவர்க்கும் கை எழவில்லை. ஆற்றோரத்துத் தாய்வழி உறவினர் ஊருக்கு இருவரும் சென்றுசேர்ந்தனர். கணவன் மனைக்கோ அண்ணன் மனைக்கோ அவள் மீளவே இல்லை.

மணமின்றியே அவ்வுடன்பாடு நிலைத்தது. பங்கு இனித்த வரையில் நிலைத்தது. மறுமழைக்காலத்தில், துறைமுக வருவாய் குறித்து, அதே இருவரும் அதே தெருக்களில் மீண்டும் மணல்மூட்டை அடுக்கினர். அன்றும் பிறர் மகார் பலர் மடிந்தனர். அறிவுடையீர், ஆள்வோர் தம் பகைக்கு ஈடாகப் பிறர் வயிற்றில் பிறந்தோரை வைக்கும் நிலத்தில், ஒருத்தி மறுத்தது கடலில் ஒரு துளியே. ஆயினும், அவ்விரண்டாம் போர் மூண்ட மாலையில் மாற்றார் மனையினின்று உடனே வெளியேறுமாறு முன்பு தங்கையை அழைத்ததுபோல் மகளை அழைக்கவேண்டிய தேவை அவாலேக்கு இருக்கவில்லை.