பூனைகளுக்கு மூன்று விரல் அரிசி

“உன்ரை குரலுக்கு மட்டும்தான் அதுகள் வருமாம். உண்மையோ?”

தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் மயில்வாகனம் ஐயா இப்படிக் கேட்டபோது, அது பாராட்டா ஏச்சா என்று வடிவுக்குத் தெரியவில்லை. அவள் தேயிலைத் தொழிற்சாலையில் தூளிலிருந்து தண்டு பொறுக்க வந்து இரண்டு வருஷமாகிறது. அந்த இரண்டு வருஷத்தில் ஐயா அவளிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவள் மடியிலிருந்த தண்டுகளைப் பார்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

“மனுசங்க கூப்பிட்டா வாயத் தொறக்க மாட்டாங்கய்யா இவ. பூனைக்குன்னா கச்சேரியே வைப்பா” என்றாள் பக்கத்திலிருந்த ராசம்மா. தண்டு பொறுக்கிய பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“அப்ப நாளைக்குக் காலமை நீதான் கூப்பிட வேணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பூனைகள் யாருடையவையும் அல்ல. எப்போதோ இருந்த ஒரு டீமேக்கர் எலித் தொல்லைக்காக ஒரு சோடி கொண்டுவந்து விட்டாராம். அவர் மாற்றலாகிப் போய்விட்டார், பூனைகள் பெருகிவிட்டன. விறகுக் கொட்டகையில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, மனித வாடை பட்டாலே பாய்ந்து ஒளிகிற காட்டுப் பூனைகளாகிவிட்டன. எலி குறைந்த வருஷங்களில் எலும்பு தெரிய நடமாடின. மழைக்காலத்தில் இரண்டு மூன்று செத்துக் கிடக்கும். கூட்டுகிறவர்கள் எடுத்துப் போடுவார்கள். அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதில்லை.

முதலில் பேசியவள் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா மீனம்மா. அம்மன் திருவிழாவுக்காக, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்துத் தனிப் பானையில் போடுவது வழக்கம். ஒருநாள் பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டே மீனம்மா சொன்னாள்: “ஆத்தாளுக்கு ஒரு புடி எடுக்கிறோம்ல? அதுக்கப்புறம் மூணு வெரல்ல ஒரு சிட்டிகை எடுப்போம். அந்த வாயில்லாச் சீவன்களுக்கு.”

“கூப்பன் அரிசி வெல ஏறிக் கெடக்கு. எங்க வகுறே காயுது, பூனைக்குப் படையலா?” என்றாள் ராசம்மா.

“மூணு வெரல்ல உன் வகுறு நெறையுமா? நெறையும்னா எடுக்காத.”

மறுநாள் ராசம்மாதான் முதலில் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது, “பூனைக்கோயில் பூசாரி யாருங்க?” என்று கேட்டாள். மீனம்மா சுற்றிலும் பார்த்து, சுவரோடு சுவராக நின்ற வடிவைக் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள். வடிவு அன்று முழுக்க முகம் சிவந்தே இருந்தாள்.

அப்படித்தான் அது நடந்தது. அரிசி தர முடியாதவர்கள் வடித்த கஞ்சி தந்தார்கள். கஞ்சியையும் தாங்களே குடித்துத் தீர்க்கிற வீடுகளிலிருந்து மீன் கழுவிய தண்ணீர் வந்தது. கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு கிழிந்துபோனால் அதைப் படுக்கைக்குத் தந்தார்கள். விறகு பிளக்கிற பழனியாண்டி, பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர். தாமே ஒருவேளை பொங்கி இரண்டு வேளை சாப்பிடுகிறவர். அவர் குளிரான நாட்களில் கொதிகலன் அடுப்பின் சூட்டுச் சாம்பலை ஒரு தகரத்தில் அள்ளிக் கொட்டகை மூலையில் வைத்துவிட்டுப் போவார். கொடுக்க எதுவுமே இல்லாத அழகன் வீட்டுக் கிழவர், நாய்கள் வந்தால் தடியால் தரையைத் தட்டி விரட்டினார். வடிவு எல்லாவற்றையும் ஒரு சட்டியில் கலந்து கொட்டகையில் வைத்து, “மீ… மீ… மீ…” என்று கூப்பிடுவாள். முதல் மாதம் எதுவும் வரவில்லை. அவள் போன பிறகுதான் சட்டி காலியாகும். இரண்டாம் மாதம் தூரத்தில் நின்று பார்த்தன. மாரி முடிவதற்குள் ஒன்பது பூனைகளும் அவள் முழங்காலில் முதுகைத் தேய்த்தன. அவற்றைத் தொடக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

தப்பு நடந்தது ஆடி மழையில். கொட்டகைக் கூரை ஒழுகிச் சட்டியில் தண்ணீர் நிறைந்தது. வடிவு தானே யோசித்து, யாரையும் கேட்காமல், சட்டியைத் தொழிற்சாலைக்குள் கொழுந்து வாட்டுகிற மாடிக்குப் போகும் படியின் கீழே கொண்டுபோய் வைத்தாள். அங்கே காய்ந்த நிலம். மேலிருந்து இளஞ்சூடான காற்று. பூனைகளுக்கும் பிடித்துப்போயிற்று. சம்பளத்துக்கு மறுநாள் லயத்தில் எல்லா வீட்டிலும் கருவாடு. எல்லாரும் மனம் குளிர்ந்து கருவாட்டுத் தலைகளை அள்ளிக் கொடுத்தார்கள். அவ்வளவு தலைகளை அந்தப் பூனைகள் கண்டதே இல்லை. தின்றது போக மீதியைக் கவ்விக்கொண்டு சூடான மாடிக்கு ஏறின. சணல் துணித் தட்டுகளில் இரவு முழுக்க வாடிக்கொண்டிருந்த கொழுந்துக்கு நடுவே வைத்துத் தின்றன.

தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். தொழிற்சாலைக்குள் வெங்காயம் கொண்டுவரக்கூடாது, தலைக்கு வாசனை எண்ணெய் வைக்கக்கூடாது என்பதெல்லாம் வடிவுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் படிக்குக் கீழே வைத்த சட்டி மாடிக்கு ஏறும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கொழும்பில் தேயிலையைச் சுவைத்துப் பார்க்கிறவர்கள் அந்த வாரத்துத் தூள் முழுவதையும் திருப்பிவிட்டார்கள். மீன் வாடை அடிக்கிறதென்று எழுதியிருந்தார்கள். தோட்டத்துத் துரை அந்தக் கடிதத்தை டீமேக்கரின் மேசையில் எறிந்தாராம். சனிக்கிழமைக்குள் ஒரு பூனை இருக்கக்கூடாது, இருந்தால் டீமேக்கர் இருக்கமாட்டார் என்றாராம். ஐயா நாலாக மடித்துப் பையில் வைத்தது அந்தக் கடிதத்தைத்தான்.

மறுநாள் காலையில் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும் ஐயா அவளைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வட்டகொடை ஸ்டேஷனுக்குப் போகிற லாரி தயாராக நின்றது. பழனியாண்டி இரண்டு சாக்குகளோடு நின்றார். அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பவே இல்லை.

“இஞ்ச பார் பிள்ளை” என்றார் ஐயா. குரலில் கோபமில்லை, அதுதான் வடிவுக்கு இன்னும் பயமாக இருந்தது. “துரை நஞ்சு வைக்கச் சொன்னவர். நான்தான் வேண்டாமெண்டு சொல்லி, லாரி போற வழியிலை தூரக் காட்டிலை கொண்டுபோய் விடுறதெண்டு கேட்டு வாங்கினனான். நீ கூப்பிட்டால் சாக்கிலை போகும். கூப்பிடாட்டில் பின்னேரம் நஞ்சுதான். எனக்கும் நாலு பிள்ளையள்.”

அவள் கூப்பிடாமல் நிற்கத்தான் நினைத்தாள். கூப்பிட்டால் துரோகம்; கூப்பிடாவிட்டால் சாவு. காட்டில் அதுகள் எதைத் தின்னும், சிறுத்தை பார்க்காதா என்றெல்லாம் கேட்க வேண்டும்போல இருந்தது. கடைசியில், அது வேறு யாருடைய குரலோ என்பதுபோல, “மீ… மீ… மீ…” என்றாள்.

வந்தன. விறகு இடுக்கிலிருந்தும், கூரையிலிருந்தும், சாம்பல் தகரத்துக்குப் பின்னாலிருந்தும், வாலை நிமிர்த்திக்கொண்டு வந்தன. பழனியாண்டி ஒன்றைத் தொடப்போய்க் கையைக் கீறிக்கொண்டார். ஆகவே வடிவுதான் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சாக்குக்குள் விட வேண்டியதாயிற்று. அவள் கையில் ஒன்றும் கீறவில்லை.

கடைசியாக வந்தது சாம்பல் நிறத்துப் பூனை. அது கொஞ்ச நாளாகத் தின்றதும் தின்னாததுமாக ஓடிக்கொண்டிருந்தது. வயிற்றுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கிச் சாக்கில் விட்ட பிறகுதான் தன் உள்ளங்கை ஈரமாக இருப்பதை உணர்ந்தாள். முகர்ந்து பார்த்தாள். பால்.

பழனியாண்டி சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“ஐயா…” என்றாள் வடிவு.

“என்ன?”

ஐயா அவளைப் பார்த்தார். லாரிக்காரர் பார்த்தார். இரண்டு பேர் பார்த்தாலே போதும், வடிவுக்குப் பேச்சு வராது. ‘குட்டி போட்டிருக்கு’ என்ற இரண்டே சொல்தான். அவள் தரையைப் பார்த்தாள். லாரிக்காரருக்கு ரயில் நேரம். சாக்குகளைப் பெட்டிகளுக்கு மேலே வைத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார். லாரி வளைவு திரும்பிய பிறகும் அவள் உதடு அந்த இரண்டு சொல்லைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

பகல் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி மீனம்மாவிடம் சொன்னாள். அங்கே சொல்ல முடிந்தது. மீனம்மா ஏசவில்லை. “வா, பாப்போம்” என்று மட்டும் சொன்னாள். இருவரும் கொட்டகையில் நின்று காதைத் தீட்டினார்கள். மழை ஓய்ந்த இடைவெளியில், பச்சை விறகு அடுக்கின் அடியிலிருந்து மெல்லிய கீச்சுச் சத்தம் வந்தது. ஒன்றல்ல, இரண்டோ மூன்றோ.

அந்த அடுக்கு கூரையைத் தொட்டு நின்றது. போன வாரம் வந்த விறகு. காய்ந்த விறகு வாசல் பக்கம். அதை எரித்துத் தீர்த்துத்தான் உள்ளே வர வேண்டும் என்பது கொட்டகையின் சட்டம். அடுப்பு தின்கிற வேகத்தில் பச்சை விறகை எடுக்க இன்னும் ஒரு வாரமாகும். மீனம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டீமேக்கரிடம் போனாள். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள்.

“அடுக்கக் கலைச்சா தொரை எதுக்குன்னு கேப்பாராம். இன்னும் பூனை இருக்குன்னு நான் என் வாயாலயே சொல்லவான்னு கேக்குறாரு. அந்த மனுசனும் கண்ணத் தொடச்சிக்கிட்டுதான் சொல்றாரு, என்னத்தச் சொல்ல?”

அன்று சாயங்காலம் லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். செய்தி எப்படியோ போயிருந்தது. ஒருத்தி சங்கில் பால் கொண்டுவந்தாள். கைக்குழந்தைக்காரி, தன் பால். ஒருத்தி பஞ்சு கொண்டுவந்தாள். ராசம்மா பழைய கம்பளியைக் கிழித்த துண்டொன்று கொண்டுவந்தாள். அன்று கேலி எதுவும் பேசவில்லை. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அடுக்கின் முன்னால் நின்றார்கள். கொடுக்கத்தான் இருந்தது, கொண்டுபோய்ச் சேர்க்க வழியில்லை. மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றிப் பாலில் நனைத்து இடுக்கில் விட்டுப் பார்த்தாள் வடிவு. குச்சி பாதியில் முட்டி நின்றது.

வேலை முடிந்து பழனியாண்டி வந்தார். கீறிய கையில் துணி சுற்றியிருந்தது.

“ஒதுங்குங்கம்மா” என்றார். “ஓரத்துலேருந்து எடுத்து, எடுத்ததப் பின்பக்கம் அடுக்கிட்டே போனா பாக்குறவங்களுக்குத் தெரியாது. நேரந்தான் ஆகும்.”

“எவ்வளவு நாளுண்ணே?” என்றாள் மீனம்மா.

“ஒத்த ஆளு. ரெண்டு சாயந்தரம், மூணு சாயந்தரம்.”

முதல் சாயங்காலம் சத்தம் நன்றாகக் கேட்டது. பழனியாண்டி ஒவ்வொரு கட்டையாக, அடுக்கு சரிந்துவிடாதபடி, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கினார். வடிவும் சின்னக் கட்டைகளை வாங்கி அடுக்கினாள். வேறு யாரும் கைகொடுக்கப் போனால் சந்தேகம் வருமென்று அவர் விடவில்லை. இரண்டாம் சாயங்காலம் ஒரு சத்தம்தான் கேட்டது, அதுவும் விட்டுவிட்டு. வடிவு அடுக்கில் கன்னத்தை வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் “மீ… மீ…” என்றாள். மூன்றாம் சாயங்காலம் மழை கூரையைப் போட்டு அடித்தது. அந்தச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. மழைதான் மறைக்கிறது என்று வடிவு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பழனியாண்டி அடிக்கட்டையை எட்டினார். மண்டியிட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டார். அந்தக் கை அங்கேயே ரொம்ப நேரம் இருந்தது.

வடிவு அவர் பின்னால் நின்றாள்.

“இருக்கா மாமா?” என்றாள். மழையையும் மீறிக் கேட்கும்படி, சத்தமாகவே கேட்டாள்.

பழனியாண்டி கையை வெளியே எடுத்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு எடுத்துவைத்த கட்டைகளில் ஒன்றைத் தூக்கி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். அதன்மேல் இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று. குழியை மூடுவதுபோல இடைவெளி மறையும்வரை அடுக்கிவிட்டு, கொழுக்கியில் கிடந்த கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, அவளைப் பார்க்காமல் மழைக்குள் இறங்கிப் போனார்.