அல்தாப் அளவு

அல்தாப் என்ன சட்டை போட்டிருந்தான் என்று நான் கேட்டதும், போனில் அந்தப் பக்கம், சட்டையா என்று திருப்பிக் கேட்டான். பேசியது ஜெயினுலாப்தீன். கடையநல்லூர்ப் பையன், என் மகனோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன். அல்தாபை ராணுவம் பிடித்துக்கொண்டு போய் முழுசாக ஒரு நாள் ஆகிவிட்டது என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தான். மருமகள் அதீபா அழ ஆரம்பித்துவிட்டாள். என் வீட்டுக்காரர் கரீம் பாட்சா, எதுக்குப் பிடிச்சாங்க, கம்பெனிக்காரன் என்ன செய்யுதான் என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒருத்திதான் சட்டையைக் கேட்டேன்.

"நீங்க குடுத்துவிட்டதுதான் மாமி," என்றான்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும், இல்லாவிட்டால் என்னைப் பைத்தியக்காரி என்பீர்கள். தாராவியில் எங்களுக்கு ஒரு தையல் கார்கானா இருக்கிறது. கீழே வீடு, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே பதினாலு மிஷின். போன வருஷம் அம்பர்நாத்தில் ஒரு பெரிய கம்பெனி ஏதோ ஒரு வெளிநாட்டு ராணுவத்துக்கு யூனிஃபார்ம் தைக்கும் ஆர்டர் எடுத்து, அதில் ஒரு பங்கை எங்களுக்குக் கொடுத்தது. பச்சையும் மண்நிறமுமாகத் திட்டுத் திட்டான துணி. எந்த நாடு என்று அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வேலை வந்ததே பெரிது. ஆனால் இவரிடம் ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு விரல் அகலத் துணிகூட வெளியே போகக்கூடாது, வெட்டி மிஞ்சிய துண்டையெல்லாம் மூட்டை கட்டி எடை போட்டுத் திருப்பித் தரவேண்டும், அவர்கள் எரித்துவிடுவார்கள்.

இது தாராவியில் நடக்கிற காரியமா? இங்கே மிச்சத் துணி கார்கானாவைச் சேர்ந்தது. எங்கள் கட்டிங் மாஸ்டர் சுயம்பு, நாங்குநேரிப் பக்கத்து ஆள், இருபத்திரண்டு வருஷமாக எங்களோடு இருக்கிறார். துணியை அடுக்கி, அட்டையை வைத்துக் கோடு போடும்போதே இங்கே அரை விரல், அங்கே ஒரு விரல் என்று நெருக்கிப் போட்டு மிச்சம் பிடித்துவிடுவார். எங்கள் வீட்டுத் தலையணை உறை, பிள்ளைகளின் ஸ்கூல் பை, மிஷின்காரர்களின் அரை டிராயர் எல்லாம் அந்த மிச்சத்தில் வந்ததுதான். அல்தாப் எட்டாம் வகுப்பு வரைக்கும் கடைச் சட்டை போட்டதில்லை. அதைத் திருட்டு என்று எங்களில் ஒருத்தரும் நினைத்ததில்லை. இந்த ஆர்டரிலும் சுயம்பு பழக்கதோஷத்தில் மிச்சம் பிடித்தார். மூட்டையில் எடை குறையக்கூடாதே என்று அடியில் பழைய ஜீன்ஸ் துண்டுகளைத் திணித்துக் கட்டினார். அது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். இவருக்குத் தெரியாது.

அல்தாப் ஏ.சி. மெக்கானிக். ஆப்பிரிக்காவில், பேரைச் சொன்னால் என் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் ஒரு நாட்டில், கடலோரம் கேஸ் எடுக்கிற கம்பெனியின் கேம்பில் வேலை. அங்கே தீவிரவாதிகள் ஊர் ஊராகக் கொளுத்தினார்கள். நாங்கள் ஐந்து வேளையும் சொல்கிற பெயரைச் சொல்லிக்கொண்டே கழுத்தை அறுத்தார்கள், நாசமாய்ப் போகிறவன்கள். அந்த நாட்டு அரசாங்கத்தால் சமாளிக்க முடியாமல் இன்னொரு நாட்டு ராணுவத்தை உதவிக்குக் கூப்பிட்டது. அவர்கள் வந்த பிறகுதான் ஓடிப்போன சனங்கள் திரும்பி வந்தார்களாம், சந்தை கூடியதாம். அவங்க காவல் இருக்கதாலதான் உம்மா நாங்க கண்ண மூடுதோம் என்பான். ஒருநாள் வீடியோ காலில் அவனுக்குப் பின்னால் இரண்டு ராணுவக்காரர்கள் துப்பாக்கியோடு நடந்துபோனார்கள். பார்த்ததும் நான் கத்திவிட்டேன். அது எங்கள் துணி. மாதக்கணக்காக நான் உட்கார்ந்து பட்டன் கட்டிய துணி எனக்குத் தெரியாதா?

அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை நினைத்தால் இப்போது என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. நாங்கள் தைத்த உடுப்பு என் பிள்ளைக்குக் காவல் நிற்கிறது என்று பெருமை. அதோடு விட்டேனா? சுயம்புவிடம் சொல்லி, ஒதுக்கிய துணியை அல்தாப் அளவுக்கு வெட்டி வாங்கி, வீட்டு மிஷினில் ஒரு ஜாக்கெட் தைத்தேன். காலையில் திறந்த லாரியில் நின்றுகொண்டு வேலைக்குப் போகிறான், கடல்காற்று ஆகாது என்றெல்லாம் வெளியே சாக்கு. மனசுக்குள் இருந்தது வேறு. அந்தத் துணி உடம்பில் இருந்தால் ராணுவக்காரன் அவனைத் தன் ஆள் என்று நினைப்பான், தூரத்திலிருந்து பார்த்துச் சுட்டுவிடமாட்டான். இதுதான் என் மூளை. ஊருக்கு வந்துவிட்டு மும்பை வழியாகத் திரும்பிய ஜெயினுலாப்தீனிடம் மிளகாய்ப்பொடி, அல்வாவோடு அதையும் கொடுத்துவிட்டேன்.

அல்தாப் அதைப் பார்த்ததும் பதறினான். இதெல்லாம் இங்க போடக்கூடாது உம்மா என்றான். நான் விடவில்லை. கண்ணைக் கொடுத்துத் தைத்திருக்கிறேன், ஒரே ஒரு தடவை போட்டு போட்டோ அனுப்பு என்று மூன்று வெள்ளிக்கிழமை நச்சரித்தேன். நாலாவது வெள்ளிக்கிழமை லீவில் கடற்கரையில் நின்று போட்டோ எடுக்கலாமென்று அதைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறான். அதற்கு நாலு நாள் முன்னால்தான், செத்துப்போன ராணுவக்காரர்களின் உடுப்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு தீவிரவாதிகள் ஒரு செக்போஸ்டுக்குள் நுழைந்து ஏழு பேரைக் கொன்றிருந்தார்கள். அதே செக்போஸ்டில் என் மகனை நிறுத்தினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. கூட இருந்த ஏழு பேரைப் புதைத்துவிட்டு வந்து நிற்கிறவன் என்ன செய்வான்?

எல்லாவற்றையும் இவரிடம் சொன்னேன். சாதாரணமாக ஊசி உடைந்தாலே ஊரைக் கூட்டுகிற மனுஷன். அன்றைக்கு ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

"தாராவியில ஒரு பாய் ராணுவ உடுப்பு தச்சு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிருக்கான். இத வெளிய சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்னு உனக்குத் தெரியாதா, பானு?"

தெரியும். அக்தர் பானு என்ற பெயரை வைத்துக்கொண்டு ஐம்பத்திரண்டு வருஷம் இந்த நாட்டில் சும்மாவா இருந்தேன்? அம்மா ஆசையாகத் தைத்தாள் என்றால் எவன் நம்புவான்? கம்பெனிக்காரன் கேஸ் போடுவான், போலீஸ் வரும், டிவிக்காரன் மைக்கோடு ஏணியில் ஏறுவான், மேலே உட்கார்ந்திருக்கிற பதினாலு பேரும் தெருவில் நிற்பார்கள். கொஞ்சம் பொறுப்போம், சந்தேகம் தீர்ந்தால் அவர்களே விட்டுவிடுவார்கள் என்றார் இவர். பொறுத்தோம். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள், அல்தாபை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியின் செம்பூர் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே அஃப்ஷா என்று ஒரு பெண், கெட்டிக்காரி, இந்தியில் தெளிவாகச் சொன்னாள். ராணுவம் அவனிடம் கேட்பது ஒரே கேள்விதான், அந்தத் துணி எங்கிருந்து வந்தது? மும்பையில் ஒரு கடையில் வாங்கினேன் என்று அவனும் ஒரே பதிலைச் சொல்கிறான். அந்தத் துணி உலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது என்று அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியும். தூங்கவிடாமல் நிற்கவைத்துக் கேட்கிறார்கள். இன்னும் ஐந்து நாள் பார்ப்பார்கள், பிறகு தீவிரவாதி என்று எழுதி அந்த நாட்டு ஜெயிலுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே போனவர்களை யாரும் தேடிக் கண்டுபிடித்ததில்லை. எம்பசிக்கும் அந்த ஒரு பதில்தான் வேண்டும். உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். இவர் என்னை முந்திக்கொண்டு, இல்லை என்று சொல்லிவிட்டார்.

குர்லாவில் ரயில் மாறும்போதுதான் எனக்கு உறைத்தது. அல்தாப் வாப்பாவைக் காப்பாற்றுகிறான். என்னைக் காப்பாற்றுகிறான். பேப்பரில் கையெழுத்துப் போட்ட விஷயம் அவனுக்குத் தெரியும், அந்தத் துணியைத் தொட்டு வந்தால் எங்கே வந்து முடியும் என்றும் தெரியும். முட்டாப்பய. கூட்டத்தில் ஒரு பெண்ணின் தோளில் முகத்தை வைத்து அழுதேன். அவள் யார் என்றுகூடத் தெரியாது, இறங்கும் வரைக்கும் அப்படியே விட்டாள்.

சாயங்காலம் சுயம்பு இறங்கி வந்தார். விஷயம் அவருக்குப் போய்விட்டது. மிச்சம் பிடித்ததும், மூட்டையில் ஜீன்ஸ் போட்டதும், அல்தாபுக்கு ஜாக்கெட் தைத்து அனுப்பியதும் எல்லாம் தானே என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். "எம்பேரு சுயம்பு. என்னைய நாலு அடி அடிச்சிட்டு விட்டுருவாங்க, பாய். உங்கள அப்படி விடமாட்டாங்க." இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நிமிஷம் நானும்தான் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காக அல்லா என்னை மன்னிக்கட்டும். சுயம்புவுக்கு வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள்.

"வேண்டாம் அண்ணாச்சி. நீங்க வெட்டி மட்டும் குடுங்க," என்றேன்.

மிச்சத் துணியில் இன்னும் ஒரு ஜாக்கெட்டுக்குத் துணி கிடந்தது. அதே அளவுக்கு வெட்டச் சொன்னேன். இவருக்கு அப்போதுதான் நான் என்ன செய்யப்போகிறேன் என்று விளங்கியது. பதினாலு குடும்பம்டி என்றார். பதினாலு மிஷினுக்கும் இந்தத் தெருவில் வேறு இடம் கிடைக்கும், எனக்கு வேறு அல்தாப் கிடைப்பானா என்று கேட்டேன். எழுந்து மேலே போய்விட்டார்.

நான் மிஷினில் உட்கார்ந்தேன். அதீபா போனில் வீடியோ எடுத்தாள். என் பெயர், முகவரி, ஆதார் நம்பர் சொன்னேன். இந்தத் துணி எங்கள் கார்கானாவுக்குத் தைக்க வந்தது, மிச்சத்தை எடுத்தது தப்பு, என் மகனுக்குத் தைத்து அனுப்பியது நான், இதோ எப்படித் தைத்தேன் என்று பாருங்கள் என்று தமிழில் சொல்லிக்கொண்டே தைத்தேன். கையைப் பொருத்திக்கொண்டிருக்கும்போது ஏணியில் சத்தம் கேட்டது. இவர் இறங்கி வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கேமராவைப் பார்த்து, நான் கரீம் பாட்சா, அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டவன் நான் என்றார். நூல் அறுந்திருந்தது, அவரே கோத்துக் கொடுத்தார்.

அஃப்ஷா அடியில் இங்கிலீஷில் எழுத்துப் போட்டு, எம்பசிக்கும் அந்த ராணுவத்துக்கும் அனுப்பிவைத்தாள். இரண்டு நாள் பதிலில்லை. அவர்கள் சொன்ன ஐந்து நாளில் ஒரு நாள் மிச்சம் இருக்கும்போது, மத்தியானம், அஃப்ஷா அதீபாவின் போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். வீடியோவை ராணுவ ஆபீசர் அல்தாபிடம் காட்டினாராம். முழுசாகப் பார்த்தானாம். இன்னொரு தடவை போடச் சொல்லி, மறுபடியும் பார்த்தானாம். அப்புறம், இந்தப் பொம்பளை யாரென்றே எனக்குத் தெரியாது, பக்கத்தில் இருக்கிற ஆளையும் தெரியாது என்று சொல்லிவிட்டானாம். இப்போது அந்த வீடியோவே அவனைத் தப்பிக்கவைக்க யாரோ செய்த ஏற்பாடு என்று சந்தேகப்படுகிறார்கள். அஃப்ஷாவின் குரலில் எரிச்சல் வந்துவிட்டது. உண்மையைச் சொல்லுங்கள், அவன் நிஜமாகவே உங்கள் பிள்ளைதானா என்று கேட்டாள்.

இவர் சுவரில் சாய்ந்துவிட்டார். அதீபா, உங்க பிள்ளைக்குப் பைத்தியம் பிடிச்சிட்டுதா மாமி என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். எனக்கு அழுகை வரவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னான் என்பதிலேயே என் மனசு நின்றுவிட்டது. எங்கள் முகத்தை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டான். பார்த்துவிட்டு, தெரியாது என்றான். உன்னை எவன்டா இவ்வளவு நல்லவனாக இருக்கச் சொன்னான்?

எழுந்தேன். தைத்து முடித்த ஜாக்கெட் மிஷின்மேல் கிடந்தது. எடுத்து, புடவைமேலேயே போட்டுக்கொண்டு பட்டனை மேலிருந்து கீழே வரைக்கும் பூட்டினேன். இவர் எங்கே என்று கேட்டார்.

"ஸ்டேஷனுக்கு. நா உள்ள போயிட்டா அவன் யாரக் காப்பாத்தப் பொய் சொல்லுவான்?"

இங்கே கேஸ் ஆகிவிட்டால் அது சர்க்கார் பேப்பர். நம்ம சர்க்காரிலிருந்து அந்தச் சர்க்காருக்குப் போகும். அதைத் தெரியாது என்று அவனால் சொல்ல முடியாது. இவர் மிச்சமிருந்த துண்டுகளை ஒரு பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார்.

தெருவே எங்களைப் பார்த்தது. தோல் கடைக்காரன் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தான். பஸ் ஸ்டாப்பில் ஒரு பிள்ளை சிரித்தது, அதன் தாய் வாயைப் பொத்தினாள். ஜாக்கெட் தோளில் நிற்காமல் சரிந்தது, எனக்கு அது ரொம்பப் பெரிசு. இவர் ஒருபக்கத்தைப் பிடித்துச் சரிசெய்துகொண்டே வந்தார்.

ஸ்டேஷன் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் எங்களைப் பார்த்ததும் மெல்ல எழுந்தார். என் உடுப்பை மேலும் கீழும் பார்த்தார். இதைத் தைத்தது யார் என்று மராத்தியில் கேட்டார். நான் கையை உயர்த்தினேன். ஜாக்கெட்டின் கை நீண்டு மடங்கித் தொங்கியது, உள்ளேயிருந்த என் விரல்கள் வெளியே தெரியவில்லை.