இடப்பக்கத்துப் புள்ளிகள்

பக்கவாதத்தில் பிழைத்த பஸ் டிரைவருக்குக் கை கால் எல்லாம் தேறிவிட்டது. பார்வைதான் பாதியோடு நின்றுபோயிற்று. எந்தக் கண்ணால் பார்த்தாலும் இடப்பக்கம் இல்லை. இருட்டாகக்கூட இல்லை, முதுகுக்குப் பின்னால் இருப்பது எப்படித் தெரியாதோ, அப்படி. கதவு நிலையில் இடித்து இடித்து இடது தோள் கன்றிப்போயிருந்தது.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. பின்மண்டைல பார்வைக்குன்னு இருக்கற இடத்துலதான் அடி," என்றார் டாக்டரம்மா. ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, திரையின் நடுப்புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்றார். தெரியாத பக்கத்தில் புள்ளிகள் ஓடுமாம். மேலே போகிறதா கீழே போகிறதா என்று சொல்ல வேண்டுமாம்.

"தெரியலைங்கறேன், எதைச் சொல்றது?"

"வாய்க்கு வந்ததைச் சொல்லுங்க."

எரிச்சலில் சொல்லித் தள்ளினார். முக்கால்வாசி சரி என்றார்கள். தன்னைக் கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தார்.

"மூளைல செத்த செல்லு செத்ததுதான். சுத்தி இருக்கறதுல கொஞ்சம் உயிரோட இருக்கு. உங்களுக்கே தெரியாம வேலை பார்க்குது. சும்மா விட்டா அதுவும் படுத்துக்கும். தினமும் பழக்குங்க."

அன்றிலிருந்து வீட்டிலும், ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய லேப்டாப்பில் அதே கூத்து. தையல் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் மனைவி, கால் வலியோடு பக்கத்தில் உட்கார்ந்து காவல் காப்பாள்.

"கண்ணு ஓடுது பாருங்க. நேரா பாருங்க."

"இல்லாததைப் பார்க்கச் சொல்லி உயிரை எடுக்கறியே!"

"எனக்கு மட்டும் ஆசையா?"

மாதங்கள் போயின. ஒரு சாயங்காலம் அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். துவைத்த துணி வாளியோடு மனைவி இடப்பக்கமாக வந்தாள். காலை எடுங்க என்று வழக்கம்போல அதட்ட வாயெடுத்தாள். அதற்குள் அவர் காலை மடக்கிக்கொண்டார்.

"என்னைப் பார்த்தீங்களா?"

"இல்லையே."

"அப்புறம் எப்படிக் காலை எடுத்தீங்க?"

"தெரியல. எடுக்கணும்னு தோணுச்சு."

அவள் வாளியை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த பரிசோதனையில், இருந்த பார்வையின் ஓரத்தில் ஒரு கீற்று கூடியிருந்தது.

"பஸ் ஓட்டலாமா?" என்றார்.

"முடியாதுங்க. இனிமேலும் முடியும்னு சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "இன்னிக்கு ஒரு நாள் விட்டுடலாங்க, நானும் அசந்துட்டேன்," என்றாள்.

"நீ போய்ப் படு," என்று சொல்லிவிட்டு அவரே திரையைப் போட்டார். நடுப்புள்ளி வந்தது. "மேலே," என்றார், யாரும் கேட்காமலே.