மூன்றாவது சிலிண்டரில் ஊறிய உப்புத் தண்ணீர்

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் பிரேம்குமாரின் சிவப்புக் காருக்குள், மூன்றாவது சிலிண்டரின் பிளக் குழியில், தினமும் காலையில் உப்புத் தண்ணீர் ஊறியிருக்கும். மழைக்காலம், வெயில் காலம் என்ற வித்தியாசம் அதற்கு இல்லை. தார்ப்பாய் போட்டு மூடினாலும் ஊறியது, மூடாமல் விட்டாலும் ஊறியது. மேய்ச்சலுக்குப் போகும் மாடுகள் அந்தத் தெருவுக்கு வந்ததும் நின்று, காரின் முன்பக்கத்தை நக்கிவிட்டுத்தான் நகரும். அதனால் பானெட்டின் ஓரத்தில் பெயின்ட் வெளிறிப் போயிருந்தது. கம்பெனி வேலைக்கு வந்து வாடகை வீடுகளில் இருந்த மதுரைப் பக்கத்துக்காரர்கள் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு, தெருக்குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பதைப் போல அதுவும் அவர்களுக்குப் பழகிவிட்டது.

அது இரண்டே சீட் உள்ள பழைய ஜப்பான் கார். கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். பெங்களூரில் ஒரு பங்களாவின் தென்னை மரத்தடியில், டயர்கள் மண்ணில் புதைந்து கிடந்ததைப் பிரேம்குமார் கேட்டு வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். அவன் சிப்காட்டில் மெஷின்களைப் பழுது பார்க்கிற டெக்னீஷியன். காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த அவனுடைய அப்பா ராமப்பன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, இதில் ஒரு மூட்டைகூட ஏற்ற முடியாதே என்று மட்டும் சொன்னார். ஒரு வருஷத்துக்கு மேல் மெனக்கெட்டு பிரேம்குமார் அதை ஓட வைத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கெலமங்கலம் ரோட்டில் கூரையை மடித்துவிட்டுப் போவார்கள். ஸ்டியரிங்கில் அவன், பக்கத்து சீட்டில் மனைவி மாதேஸ்வரி, அவள் மடியில் மகள் சுப்ரியா. தனக்கு மட்டும் ஏன் சீட் இல்லை என்று சுப்ரியா ஒவ்வொரு வாரமும் சண்டை பிடிப்பாள். பெரியவளானதும் அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு அந்த சீட்டில் தான் உட்கார்ந்துகொள்வது என்று அப்பாவிடம் பேசி முடித்து வைத்திருந்தாள். ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒரு காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அதன் பிறகு அந்தக் காரில் எல்லோருக்கும் இடம் இருந்தது.

பிரேம்குமார் ஊரே பார்க்கத் தரையில் விழுந்து அழுதான். மாதேஸ்வரி அழவில்லை. குழிமேட்டில் பால் ஊற்றிய மறுநாளே கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டாள். கார் எஞ்சினின் பிளக்கில் தீப்பொறி வர வைக்கும் இக்னிஷன் காயில்களைச் செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. முடியை விட மெல்லிசான செம்புக் கம்பியை மெஷினில் சுற்றி, கூட்டுக்குள் இறக்கி, மேலே பிசின் ஊற்றி, சூட்டில் இறுக அனுப்ப வேண்டும். லைன் லீடர் ஜோதியம்மாள் அவளுடைய தோளைத் தொட்டு, வீட்டுக்குப் போம்மா என்றாள். மாதேஸ்வரி காதில் விழாதது போலக் கம்பியைக் கோத்தாள். சாயங்காலம் திரும்பி வந்து சோறு வடித்தாள், துணி துவைத்தாள், மகளின் ஸ்கூல் பையை மடித்துப் பரண் மேல் வைத்தாள். பிரேம்குமாரின் அம்மா நஞ்சம்மா வருகிறவர்களிடமெல்லாம் மருமகள் கல் மாதிரி இருக்கிறாள் என்று சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரேம்குமார் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வருஷம் காரின் பழைய காயில்கள் நான்கும் வெடிப்பு விட்டன. ஓசூரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து புதுசு வாங்கி மாட்டினான். மறுநாள் காலையிலிருந்து வண்டி உதற ஆரம்பித்தது. ஸ்கேனரைச் செருகினால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், தீப்பொறி சரியாக விழவில்லை என்று காட்டியது. காயிலை உருவிப் பார்த்தால் குழி நிறையத் தண்ணீர். துடைத்தான், காற்றடித்துக் காய வைத்தான், ரப்பர் உறையை மாற்றினான், கிரீஸ் தடவினான், ஒயரை முழுக்கச் சோதித்தான், மல்டிமீட்டர் வைத்துக் காயிலை அளந்தான். அளவு சரியாகவே இருந்தது. பாகலூர் ரோட்டில் ஒர்க் ஷாப் வைத்திருந்த பிரகாஷ், வண்டியைக் கழுவிய தண்ணீர் பானெட் வழியாக இறங்கியிருக்கும் என்றான். பிறகு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, தன் தாய்மொழியான தெலுங்கில் ஏதோ முனகினான். ஓசூரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடல் ரொம்ப தூரம்.

அதன் பிறகு பிரேம்குமாரின் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் பானெட்டுக்கு அடியிலேயே போயின. வீட்டுக்குள் மாதேஸ்வரியோடு பேச அவனுக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒருநாள் அவளைக் கடைவீதிக்குக் கூட்டிப் போகும்போது பஸ் ஸ்டாண்ட் எதிரில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தன. அவன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாதேஸ்வரி கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது அவன் வாயிலிருந்து வந்துவிட்டது.

"உம் புள்ளய குழியில வெச்சப்ப ஒரு சொட்டு கண்ணீர் வுட்டியாடி நீ?"

அவள் கதவைத் திறந்து இறங்கி, டவுன் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன், எப்போதோ செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தான். மூன்றாவதில் இருந்த காயிலைக் கழற்றி ஒன்றாவதில் போட்டான், ஒன்றாவதில் இருந்ததை மூன்றாவதில் போட்டான். பழுது இடத்திலேயே நின்றால் கோளாறு வேறெங்கோ. காயிலோடு நகர்ந்தால் கோளாறு காயிலில். மறுநாள் காலையில் மூன்றாவது குழி காய்ந்திருந்தது, ஒன்றாவது குழி தளும்பியது. கண்டுபிடித்துவிட்ட நிம்மதியில் அந்தக் காயிலைத் தூக்கிப் போடுவதற்காக எடுத்து வந்து சமையலறை ஜன்னலில் வைத்தான். அது அங்கேயும் சொட்டியது. ஜன்னல் ஈரத்தைத் துடைக்க வந்த மாதேஸ்வரி காயிலைக் கையில் எடுத்துத் திருப்பினாள். இறுகிப் போன பிசினில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. அவள் தன் விரலை அதன் மேல் வைத்தாள். சரியாகப் பொருந்தியது.

"இது நான் சுத்துனது மாமா," என்றாள். "பால் ஊத்துன மறுநா. அன்னிக்கி கையில உறை போட மறந்துட்டேன்."

பிரேம்குமார் காயிலைப் பார்த்தான், அவளுடைய காய்ந்த கண்களைப் பார்த்தான். அவளுடைய காலடியில் உட்கார்ந்து, பஸ் ஸ்டாண்டில் சொன்னதை மறந்துவிடச் சொல்லிக் கெஞ்சினான். அவள் கோபப்படவில்லை. காயிலை அது முதலில் இருந்த மூன்றாவது குழியிலேயே மாட்டச் சொன்னாள், மாட்டினான். அவனுக்குப் பிடித்த குழம்பை வைத்தாள். ஆனால் அந்த மாதத்துக்குள்ளேயே வேலையை விட்டுவிட்டு, காவேரிப்பட்டினத்தில் அண்ணன் பாலாஜி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது மகளின் ஸ்கூல் பையை மட்டும் எடுத்துக்கொண்டாள். அவன் போன் செய்தால் எடுப்பாள், சாப்பிட்டீங்களா என்று கேட்பாள், வைத்துவிடுவாள்.

வருஷங்கள் போயின. ராமப்பன் இறந்தார், நஞ்சம்மாவுக்குக் கண்பார்வை மங்கியது, ஓசூரில் புதுசு புதுசாக மேம்பாலங்கள் வந்தன. பிரேம்குமார் தினமும் காலையில் பானெட்டைத் திறந்து, ஊசி போடும் சிரிஞ்சால் தண்ணீரை உறிஞ்சி எடுத்தான். தண்ணீரின் அளவைப் பார்த்தே மாதேஸ்வரிக்கு முந்தின நாள் எப்படிப் போனது என்று தெரிந்துகொள்வான். சில நாள் குழியின் அடியில் கொஞ்சமாக இருக்கும். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் வழிந்து எஞ்சின் மேல் ஓடி, உப்பாகப் பூத்திருக்கும். அவனிடம் அவள் பேசியதெல்லாம் அவ்வளவுதான். வேறு காயில் போடச் சொல்லிப் பிரகாஷ் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

ஒருநாள் காலையில் குழி காய்ந்திருந்தது. பிரேம்குமார் டார்ச் அடித்துப் பார்த்தான், துணியை விட்டு எடுத்துப் பார்த்தான். ஈரமே இல்லை. மாதேஸ்வரிக்குப் போன் செய்தான், அவள் எடுக்கவில்லை. போட்டிருந்த லுங்கியோடு காரில் ஏறிக் கிளம்பினான். நான்கு சிலிண்டரும் சேர்ந்து அடிக்க, சுப்ரியா இருந்த காலத்தில் ஓடிய மாதிரி வண்டி ஓடியது. சூளகிரி மேட்டில் லாரிகளைத் தாண்டி அது சீறியபோது அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதான். எஞ்சின் ஒருமுறையாவது உதறாதா என்று ஏங்கினான். கிருஷ்ணகிரி தாண்டி காவேரிப்பட்டினம் வரைக்கும் அது உதறவே இல்லை.

பாலாஜி வீட்டு வாசலில் மாவிலை கட்டியிருந்தது. மாதேஸ்வரி உயிரோடு இருந்தாள். அண்ணனுக்குப் பிறந்த குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்கள் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன.

"வண்டி நல்லா ஓடுதா மாமா?"

"ஓடுது. தண்ணியே இல்ல."

அவள் தலையாட்டினாள். "நேத்து பாப்பாவுக்குப் பேரு வெச்சாங்க. அத்தக்காரிதான் காதுல சொல்லணும்னு எங்கிட்ட குடுத்தாங்க. சுப்ரியான்னு சொன்னேன். அவ போனதுலருந்து அந்தப் பேர நான் வாயால சொன்னதில்ல. சொன்னதும் வந்துருச்சு. விடியறவரைக்கும் அழுதேன்."

"என்னயக் கூப்ட்டிருக்கலாமே."

"தோணல மாமா," என்றாள். அவனை நோகடிக்க அவள் அப்படிச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி அவன் கேட்டான். மாதேஸ்வரி வாசலில் நின்ற காரைப் பார்த்தாள்.

"அதுல ஏறி ஒக்காந்தா அவ எம் மடிக்கு வந்துருவா. அப்புறம் எறக்க முடியாது. நான் வர்ல. அந்தக் காயில மட்டும் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க."

அவன் பானெட்டைத் திறந்து, காயிலைக் கழற்றிக் கொடுத்தான். அது இன்னும் சூடாக இருந்தது. அவள் குழந்தையை ஒரு கைக்கு மாற்றி, காயிலை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்த சிலிண்டருக்குப் பெட்ரோல் போகாமல் இன்ஜெக்டர் ஒயரைக் கழற்றிவிட்டு, குழியின் வாயில் துணியை அடைத்து, பிரேம்குமார் மூன்று சிலிண்டரில் வண்டியைக் கிளப்பினான். சூளகிரி மேட்டில், வரும்போது முந்திய லாரிகளெல்லாம் அவனைத் தாண்டிப் போயின. அவன் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான். பொழுது சாயும் முன் ஓசூர் வந்து சேர்ந்தான்.

வேறு காயிலை அவன் மாட்டவில்லை. சாயங்காலம் கம்பெனி கேட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள், விந்தி விந்தி வரும் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் திரும்பிப் பார்க்காமலே ரோட்டை விட்டு விலகி நிற்பார்கள். புதிதாகக் குடிவந்த யாராவது வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்டால், கோளாறு ஒன்றும் இல்லை, அது அப்படித்தான் ஓடும் என்று மத்திகிரியில் சொல்வார்கள்.