ஒரு லாரி அகலம்

மூன்றாவது குடம் தண்ணீரை அத்தாவின் வலது தோளில் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் நியாஸின் காதில் அது விழுந்தது. அடக்கத்துக்கு முன்னால் மய்யித்தைக் குளிப்பாட்டுவதற்காகக் கொல்லையில் நாலு பக்கமும் போர்வை கட்டி மறைத்திருந்தார்கள். போர்வைக்கு அந்தப் பக்கம் யாரோ அடங்கின குரலில், "பஸ்ஸ மறிச்சா மழை வந்துருமாக்கும்?" என்றார். மகள் கூட்டின கூட்டத்திலேயே தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டாரே என்று இன்னொருவர் உச்சுக்கொட்டினார். தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்த பள்ளிவாசல் மோதினார் தொண்டையைச் செருமினார். பேச்சு சட்டென்று நின்றது.

நின்றதில் நியாஸுக்கு நிம்மதி இல்லை. மோதினார் எதற்குச் செருமினார்? துக்க வீட்டில் மரியாதைக்காகவா, இல்லை, அவருக்கு வேறேதாவது தெரியுமா? அவன் தலையை நிமிர்த்தவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு அத்தாவின் விரலிடுக்குகளைத் தேய்த்துக் கழுவினான். முப்பது வருஷம் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்த கை. எத்தனை தண்ணீர் விட்டாலும் நகக்கண்ணில் ஒரு சிவப்பு மிச்சமிருந்தது. அவனுடைய சட்டை பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கியது. அதன் பைக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மோதினார் அதையும் பார்த்திருப்பார்.

ஊருக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். காலையில் எட்டு மணி வாக்கில் பசியாறிவிட்டு எழுந்த நியாஸின் அத்தா பீர் மைதீன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மகன் ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் தன் குட்டியானை லோடு வண்டியில், தன் பக்கத்து சீட்டிலேயே உட்காரவைத்து அருப்புக்கோட்டைக்குப் பறந்தான். திருச்சுழி தாண்டினால் சாலை மறியல். வண்டியைத் திருப்பி எம்.ரெட்டியபட்டி வழியாகச் சுற்றிப் போனான். பாதி வழியில் உயிர் போய்விட்டது. அந்த மறியலை முன்னால் நின்று நடத்தியது வேறு யாருமில்லை, பீர் மைதீனின் மகள், பள்ளிக்கூட டீச்சர் அர்ஷியா. வீரசோழன் ஊர் வாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மறியல் எதற்கு என்று கேட்டால் அதற்கும் ஊரில் பத்து விதமாகச் சொல்வார்கள். கண்மாய்க்கு மேற்கே நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்று வரப்போகிறது. மூன்று வருஷம் கண்மாய் வெடித்துக் கிடந்தது. போன மார்கழியில் ஒரு மாசத்து மழை ஒரே ராத்திரியில் கொட்டி மல்லியையும் பருத்தியையும் அழுக வைத்தது. மாசம் தப்பிப் பெய்கிற வானத்துக்கு இன்னும் கரிப்புகையா என்று அர்ஷியா கேட்டாள். கேட்டதோடு விட்டாளா? நாலு வருஷம் மனு கொடுத்தாள். அப்புறம் ரோட்டில் உட்கார்ந்தாள்.

நியாஸ் அந்த ஆலையின் சுற்றுச்சுவருக்குக் கல்லும் ஜல்லியும் லோடு அடித்துக்கொண்டிருந்தவன். மறியல் தொடங்கியதிலிருந்து வண்டி வீட்டு வாசலில் நின்றது. போன மாசம் ஒருநாள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் அண்ணனும் தங்கையும் மோதிக்கொண்டார்கள்.

"ரோட்டுல உக்காந்து நீ யார மறிக்கிற? ஆலைக்காரனையா? அவன் ஏசி ரூமுல இருக்கான். கூலிக்குப் போற பொம்பளையளத்தான் நீ மறிக்கிற. நேத்துவரைக்கும் ஆலை வேணாம்னவுக எல்லாம் இப்ப ஒங்களத்தான் வையிறாக."

"வையிறாக, தெரியும். ஆனா மனு குடுத்தப்ப ஒருத்தரும் திரும்பிப் பாக்கலண்ணே. ரோட்டுல உக்காந்த அன்னைக்குத்தான் தாசில்தாரு ஜீப்ப விட்டு எறங்குனாரு."

பேச்சு வளர்ந்தது. கடைசியில் நியாஸ், "இனி ஒங்கிட்ட ஒரு வார்த்த பேசுனா நான் அத்தாவுக்குப் பொறக்கல" என்று எழுந்துவிட்டான். பீர் மைதீன் பாதிச் சோற்றில் தண்ணீரை ஊற்றிக் கையைக் கழுவினார். அன்றிலிருந்து ஒரே வீட்டில், தண்ணீர் வேண்டுமென்றாலும் அம்மாவிடம் சொல்லித்தான் அண்ணனும் தங்கையும் கேட்டுக்கொண்டார்கள். அப்படி ஒரு வீம்பு.

கபன் துணி சுற்றி முடிந்ததும் நியாஸ் சட்டையை மாட்டிக்கொண்டான். பையில் இருந்த காகிதம் உதயகுமார் கொடுத்தது. ஆலைக்கு லாரியும் ஆளும் பிடித்துக் கொடுக்கிறவர் அவர், இவனுக்கு லோடு கொடுத்ததும் அவர்தான். மத்தியானமே வந்து, ஓரமாகக் கூட்டிப்போய் அதை நீட்டினார். மறியலால்தான் தகப்பனார் உயிர் போனது என்று போலீஸுக்கு எழுதிய புகார். அடக்கம் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டால்தான் பேச்சு என்றார். முதல் பெயரே தங்கையின் பெயராக இருந்ததைப் பார்த்துவிட்டு, அந்தப் பெயர் வேண்டாமே என்று நியாஸ் இழுத்தான்.

"அவுக பேரு இல்லாம கேஸு நிக்காது தம்பி. ஒரு கையெழுத்து. மத்தத நான் பாத்துக்கிறேன்."

ஒன்பதரைக்குப் போன உயிர். மத்தியானத்துக்குள் டைப் அடித்து, சந்தேகப்பட இடமில்லாமல் ஒரு கதை. அத்தாவின் வயதுகூடச் சரியாகப் போட்டிருந்தது. இவர் இதை எப்போது எழுதினார் என்று நியாஸ் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆனாலும் அவன் அதைக் கிழித்துப் போடவில்லை, மடித்துப் பைக்குள்தான் வைத்தான். ஏனென்றால் அந்தக் காகிதத்தில் இருந்த கதையில் அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

வாசலுக்கு வந்தவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெருவில் வேம்பு நிழலில் முனீஸ்வரன் நின்றிருந்தார். ரெட்டியபட்டிப் பக்கத்துப் பருத்தி விவசாயி, மறியலில் அர்ஷியாவுக்கு வலதுகை மாதிரி. தோளில் காலையில் பார்த்த அதே பச்சைத் துண்டு.

நடந்தது நியாஸுக்கு மட்டும்தான் தெரியும், அல்லது காலையிலிருந்து அவன் அப்படி நம்பிக்கொண்டிருந்தான். மறியலில் ரோட்டை முழுசாக அடைக்கவில்லை. இடது ஓரமாக ஒரு லாரி போகிற அகலத்துக்கு வழி விட்டிருந்தார்கள். சீக்காளி வண்டியும் பள்ளிக்கூட வண்டியும் போவதற்கு. அந்த வழியின் வாயில் நின்றவர் முனீஸ்வரன். தூரத்திலேயே குட்டியானையைப் பார்த்துவிட்டுப் பச்சைத் துண்டை வீசி வா வா என்றார். அவருக்குப் பின்னால் மைக்கோடு அர்ஷியா. அந்த வழியாகப் போக வேண்டுமென்றால் அவள் முன்னால் வண்டியை நிறுத்தி, அத்தாவுக்கு முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பக்கத்து சீட்டில் அத்தா மூச்சு வாங்கிக்கொண்டே, "ஒரு வார்த்த கேளுப்பா, விட்ருவாக" என்றார். நியாஸின் கை ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பியது. சுற்றுவழியில் இருபது நிமிஷம் கூடுதல். நேராகப் போயிருந்தாலும் பிழைத்திருப்பாரா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த ஒரு சொல்லைத்தான் அவன் காலையிலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

முனீஸ்வரன் கிட்டே வந்து அவன் கைகளைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் தரையைப் பார்த்தபடி, "வெள்ளை வண்டி ஒண்ணு வந்து திரும்புச்சு தம்பி. ஊர்ல எத்தனையோ வெள்ளை வண்டி இருக்கு. என் கண்ணும் இப்ப முன்ன மாதிரி இல்ல" என்றார்.

இது என்ன பேச்சு? காப்பாற்றுகிறாரா, மிரட்டுகிறாரா? அவர் முகத்தில் எதையாவது கண்டுபிடித்துவிட முடியுமா என்று நியாஸ் உற்றுப் பார்த்தான். வெயிலில் கருத்த, தூக்கமில்லாத முகம். அவ்வளவுதான். அவன் கையை உருவிக்கொண்டு உள்ளே போனான்.

அடுப்படி வாசலில் அர்ஷியா நின்றிருந்தாள். உள்ளறையில் அம்மா சர்புன்னிசாவைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் நகர்ந்து அர்ஷியாவுக்குப் பக்கத்தில் இடம் விடவில்லை போலிருந்தது. அவள் ஒரு மாசத்துக்குப் பிறகு அவனிடம் நேராகப் பேசினாள்.

"அண்ணே, வண்டி எதுவரைக்கும் வந்துச்சு?"

அவன் அடுப்படிக்குள் இருந்த தண்ணீர்ப் பானையைப் பார்த்தான்.

"நாங்க வழி விட்ருந்தோம். அத யாரும் நம்ப மாட்டேங்கிறாக. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. கூட்டம் நகந்து வழிய அடைச்சிருச்சோ என்னவோ. நான் மைக்குல பேசிக்கிட்டுல்ல இருந்தேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே நான் உக்கார மாட்டேண்ணே. அத்தாவ மறிச்சுத்தான் மழைய மீட்டெடுக்கணும்னா, அது எனக்கு வேணாம். முனீஸ்வரண்ணன்கிட்ட சொல்லிட்டேன், எல்லாரும் கலைஞ்சு போகட்டும்னு."

ஆக, கையெழுத்துக்கூட வேண்டியதில்லை. இவன் வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும், எல்லாம் முடிந்தது. நாளைக்கே வண்டிக்கு லோடு கிடைக்கும். பேசினால் அத்தாவுக்குப் பிறக்கவில்லை என்று சொன்ன வாய் அது. அவன் அவளைத் தாண்டிப் போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தான். வெளியே அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

சந்தூக்கை வாசலில் இறக்கி, அத்தாவை அதில் வைத்தார்கள். அந்தத் தெருவில் மய்யித்தைத் தூக்குவதற்கு முன்னால் மூத்த மகன் வாசலில் நின்று ஊரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இறந்தவர் யாரையாவது நோகடித்திருந்தால், அதை இங்கேயே பொறுத்துக்கொண்டு அனுப்பிவைக்கச் சொல்லிக் கேட்பது. பெண்கள் அடக்கம் செய்கிற மையவாடிக்குப் போவதில்லை என்பதால் அவர்களும் கேட்கட்டும் என்றுதான் அதை வாசலிலேயே வைத்திருந்தார்கள். தொழவைக்கிற அசரத்து கண்ணைக் காட்டினார். ஜன்னலுக்குப் பின்னால் முக்காடுகள் தெரிந்தன. கூட்டத்தின் ஓரத்தில் பைக்கில் சாய்ந்தபடி உதயகுமார் சட்டைப்பையில் பேனாவைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எங்க அத்தா யாரு மனசையாவது நோகடிச்சிருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சிருங்க" என்றான் நியாஸ்.

"மன்னிச்சோம்" என்றது கூட்டம். சந்தூக்கைத் தூக்க நாலு பேர் குனிந்தார்கள்.

"இன்னொண்ணு இருக்கு" என்றான் நியாஸ். குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அவனுக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "இது அத்தாவுக்கு இல்ல, எனக்கு. மறியல்ல வழி விட்ருந்தாக. முனீஸ்வரண்ணன் துண்ட வீசி வரச் சொன்னாரு. அத்தாவும் கேளுன்னாக. தங்கச்சிகிட்ட பேசணுமேன்னு நான்தான் வண்டியத் திருப்பிட்டேன்." ஜன்னல் பக்கம் திரும்பினான். "அர்ஷியா, நீ மறிக்கலம்மா."

இந்த முறை மன்னித்தோம் என்று யாரும் சொல்லவில்லை. அசரத்து கீழே பார்த்தார். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு முக்காடு விலகிப் போனது. அது தங்கையா, அம்மாவா என்று தெரியவில்லை. நியாஸ் பையிலிருந்த காகிதத்தை எடுத்து, மடிப்புக் கலையாமல் உதயகுமாரின் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, சந்தூக்கின் முன்கால் ஒன்றுக்குத் தோள் கொடுத்தான். பின்னால் பைக் ஒன்று கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

கலிமா சொல்லிக்கொண்டே நடந்தார்கள். பத்தடிக்கு ஒருமுறை தோள் மாறியது. அவனுக்கு மாற்றாக வந்த தோளில் பச்சைத் துண்டு கிடந்தது. நியாஸ் அவர் முகத்தைப் பார்க்காமல் விலகி இடம் விட்டான்.

பள்ளிவாசலில் தொழுகை முடித்து மையவாடிக்குப் போக மெயின் ரோட்டைக் கடக்க வேண்டும். கூட்டம் ரோட்டை முழுசாக நிறைத்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. பஸ் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார். யாரும் ஹாரன் அடிக்கவில்லை, யாரும் ஏன் மறிக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. நியாஸ் மட்டும் கூட்டத்தை விட்டு விலகி, நின்றிருந்த வண்டிகளின் வரிசையோரமாகப் போனான். பஸ்ஸு, ஷேர் ஆட்டோ, வைக்கோல் லோடு, ஒரு வெள்ளைக் கார். ஒவ்வொரு கண்ணாடியிலும் வெயிலுக்குக் கையை வைத்து மறைத்துக்கொண்டு, உள்ளே யாராவது சாய்ந்து படுத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே போனான்.