எல்லைச் சாமிக்கு ஒரு துண்டு ரொட்டி

முதுகில் கூடை இல்லாமல் மலையேறுவது பவளத்துக்குப் புதிதாக இருந்தது. இலங்கை மலையகத்துப் பூண்டுலோயாவில் ஆயுசு முழுக்கத் தேயிலைக் கொழுந்து பறித்தவள், இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கும் மகன் தர்ஷனிடம் வந்திருந்தாள். அவன் ஒருநாள் லீவு போட்டு, ரோமானியர் அந்தக் காலத்தில் கட்டிய எல்லைச் சுவரைக் காட்டக் கூட்டிவந்தான்.

சுவர் என்றதும் பெரிய கோட்டையாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இங்கே இடுப்பளவு கல்வரிசை ஒன்று மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஆடுகள் மேய்ந்தன. ஆனாலும் அவளுக்குப் பிடித்துவிட்டது. ஊரில் ராகலைப் பக்கத்து மலைக்காற்று போலவே இதுவும் காதைக் கிள்ளியது. தர்ஷன்தான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

மதியம் சுவரோரம் உட்கார்ந்து தேங்காய் ரொட்டியையும் சம்பலையும் பிரித்தாள். அருகே மழையில் தேய்ந்த பலிபீடக் கல் ஒன்று நின்றது. மலையில் சாப்பிடும்போது சாமிக்கு முதல் துண்டு வைக்காமல் அவள் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஒரு துண்டை அந்தக் கல்லின்மேல் வைத்துக் கும்பிட்டாள்.

அந்த வழியே வந்த வெள்ளைக்காரத் தம்பதி நின்று பார்த்தார்கள். தர்ஷனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

“அம்மா, அது நம்ம சாமி இல்லம்மா. ரோமாபுரிப் பட்டாளத்துக்காரங்க வச்சது. அவங்க போயி ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுக்குப் பொறகு ஒருத்தரும் இதுக்குப் படைக்கல.”

பவளம் கல்லை ஒருமுறை பார்த்தாள்.

“அட பாவமே. அப்ப என்னா பசியில இருக்கும்” என்றவள், தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து, சம்பலும் தடவி வைத்தாள்.